குழந்தைக்குத் துணியா, டயப்பரா? கொஞ்சம் பழைய கதை

எங்க வீட்டுல பேத்தி பிறந்து மூணு மாசம் ஆகுது. துணி கட்டறதா டயப்பர் போடறதான்னு தினமும் ஒரு பேச்சு ஓடுது. என் வீட்டுக்காரம்மா துணிக் கட்சி. மருமகள் டயப்பர் கட்சி. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. பட்டணத்துல இருக்கிற உங்க வீடுகள்லயும், பேறுகாலத்துக்கு ஒத்தாசையா ஊர்லேருந்து வந்த அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவுல இதே பேச்சு நடக்கும்னு நினைக்கிறேன்.

"அந்தக் காலத்துல எல்லாம் துணிதான், பிள்ளைங்க நல்லாத்தானே வளந்துச்சு"ன்னு பெரியவங்க சொல்றாங்க. சரிதான். ஆனா அந்தத் துணி எங்கேருந்து வந்துச்சு, அதை யார் துவைச்சா, அவங்களுக்கு என்ன கிடைச்சுது, இதையெல்லாம் யாரும் சொல்றதில்ல. டயப்பரும் வானத்துலேருந்து குதிக்கல. அதுக்கும் ஒரு கதை இருக்கு. அதுல நம்ம விவசாயத்துக்கும் ஒரு பங்கு இருக்குன்னு படிச்சப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பாத்தாத்தான் எது நல்லதுன்னு பேச முடியும்.

மண் தரையும் பழைய வேட்டியும்

முதல்ல ஒரு விஷயம். எங்க டெல்டா பக்கத்துல நான் சின்னப் பையனா இருந்த 1970கள்ல, பகல் நேரத்துல குழந்தைக்குப் பெரும்பாலும் எதுவுமே கட்ட மாட்டாங்க. இடுப்புல அரணாக்கயிறு மட்டும் இருக்கும். வீட்டுத் தரை மண் தரை, சாணி போட்டு மெழுகினது. பிள்ளை ஒண்ணுக்குப் போனா தரை உறிஞ்சிக்கும். வெளிக்குப் போயிடுச்சுன்னா சாம்பலைப் போட்டு அள்ளிட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்ப மெழுகிடுவாங்க.

தூளி கட்டறது அம்மாவோட பழைய நூல் சேலையில. பிள்ளை ஈரம் பண்ணினா சேலை வழியா கீழ சொட்டிடும், காத்தோட்டத்துல மீதியும் காஞ்சிடும். பிள்ளைக்கு அடியில பழைய வேட்டியைக் கிழிச்சு நாலா மடிச்சுப் போட்டிருப்பாங்க. வெளியூர் போகணும்னா மட்டும் ஒரு நீளத் துணியை அரணாக்கயித்துல முன்னாலயும் பின்னாலயும் செருகி, கோவணம் மாதிரி கட்டிவிடுவாங்க. அதுதான் நம்ம ஊர் டயப்பர்.

இன்னொண்ணு, பாட்டிமாருங்க காலை நீட்டி உக்காந்து, ரெண்டு பாதத்துக்கும் நடுவுல பிள்ளையை உக்கார வச்சு, "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் கொடுப்பாங்க. தூங்கி எழுந்ததும், பால் குடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சும் இதைச் செய்வாங்க. சில மாசத்துல பிள்ளைக்கே அது பழகிடும். சீனாவுல அடிப்பக்கம் பிளந்த கால்சட்டை போட்டுவிட்டு இதே மாதிரிதான் பழக்கினாங்களாம். ஆக, துணி குறைவா ஆனதுக்குக் காரணம், பிள்ளையோட முகத்தையே பாத்துக்கிட்டு வீட்டுல ஒரு ஆள் இருந்தது.

பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடக்கூடாதுன்னு ஒரு வழக்கம் உண்டு. பெரியவங்க கட்டின பழைய துணியிலதான் முதல்ல சுத்துவாங்க. அவங்க ஆயுசு பிள்ளைக்கு வரட்டும்னு சொல்வாங்க. இதுல ஒரு கைக்கணக்கும் இருக்கு. புதுத் துணியில கஞ்சி இருக்கும், மொடமொடன்னு இருக்கும், தண்ணியைச் சட்டுன்னு இழுக்காது. நூறு தடவை துவைச்ச நூல் வேட்டிதான் பூ மாதிரி இருக்கும், ஈரத்தையும் நல்லா குடிக்கும்.

ஆனா அந்தப் பழைய துணி எல்லார் வீட்டுலயும் கிடந்துச்சுன்னு நினைக்காதீங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல துணிக்குப் பெரிய தட்டுப்பாடு. 1943ல வெள்ளைக்கார அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டுச் சட்டமே போட்டுச்சு. கண்ட்ரோல் துணின்னு வரிசையில நின்னு வாங்கின காலம். எங்க அப்பா பிறந்தது 1944. "இருந்தது ரெண்டு சேலைடா, ஒண்ணைக் கட்டிக்கிட்டு ஒண்ணைக் காயப் போட்டா, கிழிக்கிறதுக்கு எங்கே போறது?"ன்னு அப்பாயி சொல்லும். சாக்கை விரிச்சு அது மேல பிள்ளையைப் போட்டு வளத்த வீடுகளும் இருந்துச்சாம். துணிங்கிறது ஏழைக்கு இலவசமா கிடைச்ச பொருள் இல்ல.

துவைச்சது யாரு?

பேறுகாலத் துணியை வீட்டுல துவைக்க மாட்டாங்க. தீட்டுன்னு சொல்லி ஒதுக்கி வச்சிருப்பாங்க. ஊருக்குத் துவைக்கிற வண்ணார் குடும்பத்துலேருந்து ஒரு அம்மா வந்து, ரத்தமும் மலமும் பட்ட துணியையெல்லாம் மூட்டையாக் கட்டி எடுத்துக்கிட்டுப் போவாங்க. மாத்துத் துணியும் அவங்கதான் கொண்டாந்து கொடுப்பாங்க.

அவங்க வேலை சாதாரண வேலை இல்லீங்க. உவர்மண்ணைக் கரைச்சு அந்தத் தண்ணியில துணியை நனைச்சு, அடுப்பு மேல பானை வச்சு, அதுக்கு மேல துணியை அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில வேக வைப்பாங்க. வெள்ளாவின்னு பேரு. காலையில ஆத்துக்கோ குளத்துக்கோ கொண்டுபோய் கல்லுல அடிச்சு, மணல்ல விரிச்சு வெயில்ல காய வைப்பாங்க. சுடுஆவி, உவர்க் காரம், வெயில். இன்னிக்கு ஆஸ்பத்திரியில துணியை ஆவியில வேக வச்சு கிருமி எடுக்கிறாங்க இல்லையா, அந்த வேலையைப் பள்ளிக்கூடம் பக்கமே போக முடியாத அந்தம்மா சுத்தமாச் செஞ்சாங்க.

அதுக்கு என்ன கிடைச்சுது? அறுவடை சமயத்துல களத்துல கொஞ்சம் நெல்லு. சாயந்தரம் வீடு வீடா வந்தா சோறு. வாசலோட நின்னுதான் வாங்கணும். பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டு கழியணும்னா அவங்க கை வேணும். அந்தக் கையைத் தொட மட்டும் யாருக்கும் மனசில்ல. தலித் மக்களுக்குத் துவைச்ச புதிரை வண்ணார் மக்களோட நிலைமை இதைவிட மோசம். ஏழைக்கு ஏழையா, தாழ்த்தப்பட்டவங்களுக்கும் கீழேன்னு ஒதுக்கப்பட்டவங்க அவங்க.

முதல் சில நாள் கழிஞ்ச பிறகு, தினப்படி ஈரத் துணி பிள்ளையோட அம்மா தலையில விழும். எங்க வாய்க்கால்ல குடிதண்ணி எடுக்கிற படித்துறைக்குக் கீழே, தண்ணி போற திசையில, இந்தத் துணி அலசறதுக்குன்னே ஒரு இடம் இருந்துச்சு. விடியக்காலையில எங்க அம்மா தங்கச்சித் துணியைக் கூடையில எடுத்துக்கிட்டுப் போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அலசிட்டு வந்து சோறாக்கிட்டு, அப்புறம் நடவுக்குப் போவாங்க. வீட்டு ஆம்பளைங்க யாரும் அந்தக் கூடையைத் தொட்டு நான் பாத்ததில்ல.

வெள்ளைக்காரங்க ஊர்ல

அங்கேயும் இதே பாடுதான். ஐரோப்பாவுல ஒரு காலத்துல பிள்ளையைக் கழுத்துலேருந்து கால் வரைக்கும் நீளத் துணிப் பட்டையால இறுக்கிச் சுத்தி வைப்பாங்க. அடிக்கடி மாத்த மாட்டாங்க. ரூசோங்கிற பிரெஞ்சுக்காரர் 1762ல எழுதின எமில் புத்தகத்துல இந்த வழக்கத்தைக் கடுமையாத் திட்டியிருக்கார். 1849ல அமெரிக்காவுல வால்டர் ஹண்ட்ங்கிறவர் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் சதுரத் துணியை முக்கோணமா மடிச்சு ஊக்கு குத்தறது பரவுச்சு.

அமெரிக்காவுல 1930கள்லேருந்து பெரிய ஊர்கள்ல டயப்பர் சலவைக் கம்பெனிகள் வந்துச்சு. அழுக்குத் துணியை வண்டியில வந்து வாங்கிக்கிட்டு, துவைச்ச துணியைக் கொடுத்துட்டுப் போவாங்க. போர் சமயத்துல பொம்பளைங்க தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனப்ப இதுக்கு ஏகப்பட்ட கிராக்கி. நம்ம ஊர்ல மூட்டை தூக்கின அம்மா செஞ்ச அதே வேலைதான். அங்கே அதுக்கு மாசச் சந்தா, வண்டி, கம்பெனிப் பேரு எல்லாம் இருந்துச்சு. இங்கே சாயந்தரச் சோறு.

அதே போர்தான் இன்னொரு வேலையும் செஞ்சுது. பருத்தித் தட்டுப்பாட்டால ஸ்வீடன் நாட்டுல மரக்கூழுலேருந்து செஞ்ச காகித அட்டையைப் பிள்ளைக்கு வைக்க ஆரம்பிச்சாங்க. இங்கே அப்பாயி கண்ட்ரோல் துணிக்கு நின்ன அதே வருஷங்கள். நம்மகிட்ட சாக்கு இருந்துச்சு, அவங்ககிட்ட காடு இருந்துச்சு.

போர் முடிஞ்ச கையோட, 1946ல, அமெரிக்காவுல மேரியன் டோனோவன்னு ஒரு அம்மா. ராத்திரி முழுக்க பிள்ளையோட படுக்கை நனையறதைப் பாத்துச் சலிச்சுப்போய், குளியலறையில தொங்கின திரையைக் கத்தரிச்சு, துணிக்கு மேல போடற நீர் புகா உறை ஒண்ணு தச்சாங்க. அப்புறம் பாராசூட் செய்யற நைலான் துணிக்கு மாறினாங்க. ஊக்குக்குப் பதிலா அழுத்தற பித்தான் வச்சாங்க. படகு மாதிரி இருக்குன்னு 'போட்டர்'னு பேரு வச்சாங்க. 1949ல நியூயார்க்ல பெரிய கடையில விற்பனைக்கு வந்துச்சு, 1951ல காப்புரிமை கிடைச்சுது. அடுத்து, துவைக்கவே வேண்டாத காகித டயப்பர் செய்யலாம்னு கம்பெனி கம்பெனியாப் போய்ச் சொன்னாங்க. முதலாளிங்க யாரும் காது கொடுக்கல. துவைக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச கஷ்டம் அந்த நாற்காலியில உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியல.

பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில விக்டர் மில்ஸ்ங்கிற ரசாயனப் பொறியாளர் குழு அதைச் செஞ்சு முடிச்சுது. அவர் பேரப்பிள்ளைக்குத் துணி மாத்தி வெறுத்துப்போய் இதுல இறங்கினார்னு சொல்வாங்க. 1961ல இல்லினாய்ஸ் மாநிலத்துல பியோரியாங்கிற ஊர்ல பாம்பர்ஸ்னு பேரு வச்சு வித்துப் பாத்தாங்க. ஒண்ணு 10 சென்ட். விலை கட்டாதுன்னு ஜனங்க வாங்கல. மிஷினை மாத்தி விலையை 6 சென்டுக்கு இறக்கின பிறகுதான் ஓட ஆரம்பிச்சுது. அது பரவப் பரவ, சலவை வண்டிகள் ஒண்ணொண்ணா நின்னு போச்சு.

மண்ணுக்கு வந்த மருந்து

இப்பத்தான் விவசாயி காது நிமிர்ற இடம். அதே பியோரியா ஊர்ல அமெரிக்க வேளாண் துறையோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு. பென்சிலினைப் பெரிய அளவுல தயாரிக்க வழி கண்டுபிடிச்ச கூடம் அது. விளைஞ்சு மிஞ்சற தானியத்துக்குப் புதுப் புது உபயோகம் கண்டுபிடிக்கிறதுதான் அதோட வேலை. அங்கே மக்காச்சோள மாவுல ரசாயனம் சேர்த்து, தன் எடையைப் போல பல நூறு மடங்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஒரு பொருளைச் செஞ்சாங்க. 'சூப்பர் ஸ்லர்ப்பர்'னு செல்லப் பேரு. மண்ணுல ஈரம் நிக்கறதுக்கும் விதைக்கு மேல பூசறதுக்கும் உதவும்னு நினைச்ச பொருள்.

அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பொருள், சோடியம் பாலிஅக்ரிலேட், 1980கள்ல ஜப்பான்ல டயப்பருக்குள்ள போச்சு. அதுக்கப்புறம்தான் தடிமனா இருந்த டயப்பர் மெல்லிசா ஆச்சு. டயப்பரைக் கிழிச்சா சக்கரை மாதிரி குருணையா கொட்டுதே, அதுதான் இது. தண்ணி பட்டா ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஊதிடும். பிள்ளையோட தோல் ஈரமில்லாம இருக்கறதுக்கும், ராத்திரி அம்மாவும் பிள்ளையும் தூங்கறதுக்கும் இதுதான் காரணம். அந்தப் புண்ணியத்தை அதுக்குக் கொடுத்துத்தான் ஆகணும்.

மண்ணுக்குன்னு தேடின சரக்கு சுத்திக்கிட்டு மண்ணுக்கும் வந்துச்சு. டில்லி பூசா ஆராய்ச்சி நிலையம் 'பூசா ஹைட்ரஜெல்'னு ஒண்ணு செஞ்சிருக்கு, மானாவாரி நிலத்துக்காக. அது ஒழுங்கா அளந்து போடறது. எங்க வாய்க்கால்ல வர்ற ஜெல் வேற மாதிரி வருது. அதைக் கடைசியில சொல்றேன்.

நாம ஏன் மாறினோம்?

சோம்பேறித்தனம்னு பெரியவங்க ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. எனக்கு அப்படித் தோணல. எங்க ஊர்ல நான் பாத்த காரணங்களைச் சொல்றேன்.

முதல் காரணம் சேலை. 1970கள், 80கள்ல நைலக்ஸ் சேலை, பாலியஸ்டர் சேலை வந்துச்சு. துவைக்க சுலபம், சீக்கிரம் காயும், கிழியாது. பொம்பளைங்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனா பழசான பாலியஸ்டர் சேலை ஒரு சொட்டு ஈரத்தைக் கூட குடிக்காது. தூளிக்கும் ஆகாது, மடிச்சுப் போடவும் ஆகாது. வீடு நிறைய சேலை இருந்தும் பிள்ளைக்குக் கட்ட பழைய நூல் துணி இல்லாம போச்சு.

ரெண்டாவது தரை. மண் தரை சிமென்ட் ஆச்சு, சிமென்ட் டைல்ஸ் ஆச்சு. டைல்ஸ்ல பிள்ளை ஒண்ணுக்குப் போனா உறிஞ்சாது, ஓடும். யாராவது வழுக்கி விழுவாங்க.

மூணாவது ஆள். துவைச்ச குடும்பத்துப் பிள்ளைங்க படிச்சாங்க, சிலர் பட்டணத்துல இஸ்திரிக் கடை போட்டாங்க, சிலர் உத்தியோகத்துக்குப் போனாங்க. களத்து நெல்லுக்கும் வாசல் சோத்துக்கும் இனிமே வரமாட்டோம்னு நின்னது நியாயம். கூட்டுக் குடும்பமும் பிரிஞ்சு போச்சு. "ஸ்ஸ்ஸ்" சொல்ல பாட்டி பக்கத்துல இல்ல. அம்மா வேலைக்குப் போறா.

அரசாங்கமும் பாத்துச்சு. 2015ல தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகள்ல பிறந்த குழந்தைக்கு 16 பொருள் அடங்கின பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சோப்பு, எண்ணெய், கொசுவலையோட குழந்தைக்கு நாப்கினும் அதுல இருந்துச்சு. பழைய வேட்டி எல்லார் வீட்டுலயும் இருக்கும்னு யாரும் நம்பல.

செலவும் குப்பையும்

எங்க கடைத்தெருவுல டயப்பர் ஒண்ணு பத்து ரூபாய்னு வச்சுக்குங்க. நாளைக்கு ஆறு. மாசம் 1,800 ரூபாய். 2024-25ல மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு வச்ச விலை குவிண்டாலுக்கு 2,300. அப்ப மாசம் 78 கிலோ நெல்லு பிள்ளை இடுப்புல கட்டிக் கழட்டிப் போடறோம். விளைவிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு உறைக்கும்.

சுற்றுச்சூழல் கணக்கை இங்கிலாந்து அரசுத் துறை ஒண்ணு 2008ல போட்டுப் பாத்திருக்கு. ரெண்டரை வருஷத்துக்கு, டயப்பர்னா ஏறக்குறைய 550 கிலோ கரியமில வாயு, துணின்னா 570 கிலோ. வித்தியாசமே இல்ல! ஏன்னா அங்கே துணியைச் சுடுதண்ணியில துவைச்சு, மின்சார மிஷின்ல காய வைக்கிறாங்க. கொடியில காயப் போட்டு, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் வச்சுக்கிட்டா 200 கிலோ குறையுமாம். நமக்கு வெயில் சும்மா கிடைக்குது. ஆனா லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கிற பட்டணத்துத் தெருவுல, தினம் இருபது துணி அலசுன்னு நான் எப்படிச் சொல்வேன்?

துணியில மிச்சமாகிற அழுக்குத் தண்ணி மண்ணோட போயிடும். டயப்பர் போகாது. மேல பிளாஸ்டிக், உள்ள மரக்கூழ், நடுவுல அந்தக் குருணை. 2016ல வந்த திடக்கழிவு விதியில, டயப்பரைத் தனியா சுத்திக் கட்டித்தான் கொடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. தயாரிக்கிற கம்பெனி அதுக்கு உறை கொடுக்கணும்னும் அதுல இருந்துச்சு. எங்க ஊர்ல நான் பாக்கறது வேற. ராத்திரியில கறுப்புப் பையோட வாய்க்கால்ல விழுது. நாய் இழுத்துக் கிழிக்குது. தண்ணி திறந்து விட்டா மிதந்து வந்து எங்க மடையில அடைக்குது. போன சம்பாவுல என் வயல் மடையில மட்டும் பதினொண்ணு எடுத்தேன். நாத்தங்கால் ஓரத்துல ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி படிஞ்சு கிடந்துச்சு.

குப்பை வண்டியில போட்டா மட்டும் என்ன? எங்க ஊராட்சியில தூய்மைக் காவலரா வேலை பாக்கிற பொம்பளைங்க அதைக் கையால பிரிக்கிறாங்க. கையுறை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அன்னைக்கு மூட்டை தூக்கினவங்க இருந்த இடத்துல இன்னைக்கு இவங்க. அன்னைக்கு துணியாவது துவைச்சா வெளுத்துச்சு, இது வெளுக்காது. பிள்ளையோட அழுக்கு நம்ம கையை விட்டுப் போயிடுச்சுன்னு நாம சந்தோஷப்படறோம். அது இன்னொரு அம்மா கைக்குத்தான் போயிருக்கு.

எங்க வீட்டு முடிவு

பேத்தி விஷயத்துல ரெண்டு கட்சியும் கூட்டணி வச்சாச்சு. பகல்ல துணி, அதுக்கு ஜவுளிக்கடையில மல் துணி மீட்டர் கணக்குல வாங்கி, நாலு தடவை துவைச்சுக் கஞ்சி போக்கின பிறகு தச்சோம். ராத்திரிக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் டயப்பர், நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ. மருமகளுக்குத் தூக்கம் முக்கியம், அதுல பேச்சுக்கே இடமில்ல. கழட்டின டயப்பர்ல மலம் இருந்தா கக்கூஸ்ல தட்டிட்டு, பேப்பர்ல இறுக்கிச் சுத்தி, மேல சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி போட்டு, தூய்மைக் காவலர் கையில தனியாக் கொடுக்கிறோம். பிரிச்சுப் பாக்க வேண்டிய வேலை அவங்களுக்கு மிச்சம்.

காலையில துணி அலசறது என் மகன். முதல் வாரம் பக்கத்து வீட்டுல சிரிச்சாங்க, இப்ப யாரும் கண்டுக்கறதில்ல. அதுக்கு முன்னால எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா அந்தக் கூடை பொம்பளைங்க தலையிலதான் இருந்துச்சு.

நீங்க துணி கட்டுங்க, டயப்பர் போடுங்க, உங்க வீட்டு வசதி உங்களுக்குத் தெரியும். எதுவா இருந்தாலும் கழட்டினதுக்கு அப்புறம் அது யார் கைக்குப் போகுதுன்னு ஒரு தடவை பின்னாலயே போய்ப் பாத்துட்டு வாங்க. அந்தக் கைக்குக் கொஞ்சம் வேலையைக் குறைக்க முடிஞ்சா குறைச்சுக் கொடுங்க. சரி, வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டாங்களாம், மடையைப் பாக்கப் போகணும்.